ஒன்பது நாள் பச்சை

அத்தியாயம் 17

அக்காவும் தம்பியும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்துகொண்டு ஒன்பது நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் தம்பி செல்போனைப் பார்ப்பான், அக்கா சாவிக்கொத்தைப் பார்ப்பாள். நடுவில் மாட்டிக்கொண்டவள் தம்பி மனைவி. மேலே இருந்து கீழேயும் கீழே இருந்து மேலேயும் சேதி சுமந்தே அவளுக்கு நாக்கு தேய்ந்துவிட்டது.

சண்டை எதற்கென்று வாராவாரம் விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. அக்கா நகரத்தின் கட்டுப்பாட்டு அறையில் பகல் ஷிஃப்ட் பொறுப்பாளர். ஊரிலுள்ள குடிநீர்க் குழாய்களுக்குள் சென்சார் பொருத்தியிருக்கிறார்கள். தண்ணீர் எப்படி இருக்கிறதென்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவை சொல்லும். நல்ல தண்ணீர் என்றால் அறைச் சுவரை அடைத்திருக்கும் திரையில் பச்சைப் புள்ளி, கெட்டது என்றால் சிவப்பு. பன்னிரண்டாம் வட்டத்து சென்சாரைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் தம்பி.

அது வீம்பு பிடித்த கருவி. பம்ப் போட்டதும் குழாயில் காற்றுக் குமிழி வந்தால் சிவப்பு. துளி வண்டல் ஒட்டினால் சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக்கும் அவன் நாற்பது நிமிடத்துக்குள் ஓடிப்போய்க் குழியைத் திறந்து, கருவியைக் கழற்றித் துடைத்து, போட்டோ எடுத்து அனுப்பியாக வேண்டும். ஒரே வாரத்தில் இருபத்திரண்டு சிவப்பு, இருபத்திரண்டும் பொய்.

வேறு கருவி வாங்கிக் கொடு என்று கேட்கத்தான் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவன் மாடிக்கு வந்தான். அதே இருபத்திரண்டுக்காக மீட்டிங்கில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்த அக்கா காது கொடுக்கவில்லை. மற்ற வட்டமெல்லாம் எப்படிப் பச்சையாக இருக்கிறது, உன்னுடையது மட்டும் ஏன் என் மானத்தை வாங்குகிறது என்று கேட்டாள். எப்படியோ பண்ணு, எனக்குப் பச்சையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். உனக்குத் தம்பி வேண்டுமா, பச்சைப் புள்ளி வேண்டுமா என்று கேட்டுவிட்டு அவன் இறங்கிப் போனான்.

மறுநாள் காலையிலிருந்து பன்னிரண்டாம் வட்டம் பச்சை. திட்டினால்தான் இவனிடம் வேலை நடக்கும் என்று அக்கா முடிவு கட்டினாள். பெற்றவர்கள் போன பிறகு அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள்தானே. கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள், பாவம்.

*

புதன்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குத் தம்பி மனைவி போன் செய்தாள். பன்னிரண்டாம் வட்டத்துச் சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். வேலை நேரத்தில் வீட்டு மனிதர்களுக்குப் போன் செய்கிற ரகம் இல்லை.

கதவைத் திறந்ததிலிருந்து பதினோரு பேர் வாந்தி, பேதி என்று வந்துவிட்டார்களாம். அதில் எட்டு பேர் குழந்தைகள். எல்லோரும் பள்ளிக்கூடத்தை ஒட்டிய மூன்று தெருக்காரர்கள். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, தண்ணி எப்படி இருக்கு? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பச்சை. அதோடு விடாமல் எண்களையும் திறந்து பார்த்தாள். குளோரின் இருக்க வேண்டிய அளவு இருந்தது, கலங்கல் இல்லை.

"தண்ணி நல்லா இருக்கும்மா. நானே பார்த்துட்டேன். சாப்பாட்டுல ஏதாவது இருக்கும்."

நீங்கள் சொன்னால் சரி என்று தம்பி மனைவி வைத்துவிட்டாள்.

இதில் அக்காவை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த ஊரே அந்தப் பச்சையை நம்பித்தான் இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு வீட்டுப் போனுக்கும், இன்று உங்கள் பகுதிக் குடிநீர் பாதுகாப்பானது என்று சேதி போகும். தொடங்கிய புதிதில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. ஆனால் ஒரே வருஷத்தில் சுகாதார நிலையங்களில் வயிற்றுக்கோளாறு வரிசை பாதியாகக் குறைந்தது. மழைக்காலம் கூடப் பயமில்லாமல் போயிற்று. மெல்ல மெல்ல ஜனங்கள் தண்ணீரைக் காய்ச்சுவதை விட்டார்கள்.

பத்தரைக்குப் பத்தொன்பது பேர். பதினொன்றரைக்கு இருபத்தேழு. தம்பி மனைவி ஒவ்வொரு பெயராகப் பதியப் பதிய, திரையில் அந்த மூன்று தெருவின் மேல் நோயாளிகளைக் காட்டும் மஞ்சள் வளையம் பெரிதாகிக்கொண்டே போனது. நட்ட நடுவில் பச்சைப் புள்ளி ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த கம்ப்யூட்டர் தன் தீர்ப்பைச் சொன்னது: குடிநீர் காரணம் இல்லை, உணவைச் சோதிக்கவும்.

அறையின் டைரக்டருக்கு முதுகுக்குப் பின்னால் 'நூத்துக்கு நூறு' என்று பெயர். ஒரு புள்ளி சிவந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. போதாததற்கு, வருகிற திங்கட்கிழமை வெளியூர் அதிகாரிகள் நாற்பது பேர் இந்தச் சுவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போக வருகிறார்கள். கம்ப்யூட்டர் வாயைத் திறந்ததுமே அவர் பள்ளிச் சமையலறையைப் பூட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

தெருக்கோடிக் கேமராவில் அக்கா அதைப் பார்த்தாள். சத்தம் வராத கேமரா. பள்ளி கேட்டுக்கு வெளியே சமையல்காரம்மா நின்றிருந்தாள். சுற்றிலும் இருபது முப்பது பேர். எல்லோருடைய கையும் அவள் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. அந்த அம்மாள் திரும்பத் திரும்பத் தலையை ஆட்டினாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவுக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

*

ஒரு மணிக்கு டைரக்டர் அவளைக் கூப்பிட்டார். இரண்டரைக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், பன்னிரண்டாம் வட்டத்தின் ஒன்பது நாள் வரைபடத்தை எடுத்து வைக்க வேண்டும். தண்ணீர் மேல் யாரும் பழி போடக் கூடாது என்றார்.

பிரிண்டரிலிருந்து வந்த தாள் இன்னும் சூடாக இருந்தது. மூன்று கோடுகள்: குளோரின், கலங்கல், வெப்பம். எல்லாம் எல்லைக்குள்தான். உறைக்குள் போடப் போன அக்கா, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தாள்.

வெப்பக்கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்கு நாலடி கீழே போகிற குழாய்த் தண்ணீருக்கு ராத்திரியும் பகலும் ஒன்றுதான். அந்தக் கோடு படுத்தே கிடக்க வேண்டும். இதுவோ காலையில் இருபத்தைந்து, மதியம் முப்பத்தாறு. தகரக் கூரைக்கு அடியில் வைத்த தண்ணீர்தான் அப்படிச் சூடாகும்.

குளோரின் கோடு அதைவிட வேடிக்கை. காலையில் ஒரே தாவாக மேலே தாவுகிறது. அங்கிருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது. மறுநாள் காலையில் மறுபடி ஒரு தாவு. ஓடுகிற தண்ணீரில் இப்படி நடக்காது. தேங்கிக் கிடக்கிற தண்ணீரில்தான் நடக்கும், அதையும் தினமும் யாராவது மாற்றி ஊற்றினால்தான் நடக்கும்.

அவள் பேனாவை எடுத்து, தாவுகிற நேரங்களைக் குறித்தாள். செவ்வாய் ஆறு ஐம்பது. புதன் ஆறு ஐம்பது. வியாழன் மட்டும் ஐந்தரை. ஞாயிறு பதினொன்று.

வியாழக்கிழமை தடுப்பூசி முகாம். மனைவியைக் கொண்டுபோய் விடத் தம்பி ஐந்து மணிக்கே வண்டியை எடுத்தான். கேட் சத்தத்தில் தூக்கம் கெட்டு, அக்கா படுக்கையிலிருந்தபடியே முணுமுணுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. லீவு நாளில் பத்து மணிக்கு முன்னால் அவனை எழுப்ப யாராலும் ஆகாது. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது முகத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்தே அவள் தோற்றிருக்கிறாள்.

தம்பி எப்போது எழுந்தான், எப்போது புறப்பட்டான் என்ற ஒன்பது நாள் விவரமும் அந்தத் தாளில் கோடு கோடாக இருந்தது. குழாயைப் பற்றி அதில் ஒரு சேதியும் இல்லை.

அவள் வராந்தாவுக்குப் போய் அவனுக்குப் போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். அக்காதான் முதலில் இறங்கி வந்தாள் என்ற திருப்தி அவன் குரலில் நன்றாகவே தெரிந்தது.

"சொல்லுக்கா."

"இன்னைக்குக் காலைல எத்தனை மணிக்குத் தண்ணி மாத்தின?"

அந்தப் பக்கம் யாரோ எதையோ சுத்தியலால் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் நடந்து தள்ளிப் போனான் போலிருக்கிறது, அதுவும் நின்றது.

"ஆறு அம்பது" என்றான்.

பொய் சொல்லவில்லை. அந்த மட்டில் அவள் வளர்த்த வளர்ப்பு வீண் போகவில்லை. சென்சாரைக் குழாயிலிருந்து கழற்றி, வட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஷெட்டில் ஒரு நீல டிரம்முக்குள் போட்டிருந்தான். தினமும் காலையில் தொட்டியிலிருந்து நல்ல தண்ணீர் பிடித்து ஊற்றுவான். கருவிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. என்றைக்கோ ஒருவர் டைப் அடித்து வைத்த இடத்தைத்தான் அது சொல்லிக்கொண்டிருக்கும். புதுக் கருவி வருகிற வரைக்கும்தான் என்று நினைத்தானாம்.

"உன் வட்டத்துல முப்பத்தாறு பேருக்கு வாந்தி, பேதிடா. பாதிக்கு மேல குழந்தைங்க."



அவள் மணியைப் பார்த்தாள், ஒன்று இருபத்தைந்து. இரண்டு மணிக்கு அந்த மூன்று தெருவுக்கும் மதியத் தண்ணீர் தானாகத் திறந்துவிடும். பிள்ளைகள் எல்லாம் பள்ளியிலிருந்து திரும்பி வீட்டில் இருக்கிறார்கள். அந்த லைனின் வால்வைக் கையால்தான் மூட வேண்டும்.

"இரண்டுக்குள்ள போய் மூடு."

"யார் ஆர்டர்னு கேட்டா என்ன சொல்ல?"

"என் ஆர்டர்னு சொல்லு. போ."

அவன் இருந்தது ஊரின் இன்னொரு கோடியில், ஒர்க் ஷாப்பில். கிளம்புகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. வண்டியை உதைக்கிற சத்தத்தோடு போன் அறுந்தது.

*

உள்ளே வந்த அக்கா யாரையும் கேட்காமல் தன் கடவுச்சொல்லைப் போட்டு, பன்னிரண்டாம் வட்டத்துப் புள்ளியைக் கையால் சாம்பல் நிறத்துக்கு மாற்றினாள். சாம்பல் என்றால் சந்தேகம். உடனே அந்த வட்டத்தின் எல்லா வீட்டுப் போனுக்கும் சேதி போகும்: குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

அது போன கையோடு தம்பி மனைவிக்குப் போன் செய்தாள். ஆறாவது முறை மணி அடித்த பிறகுதான் அவள் எடுத்தாள். பின்னால் குழந்தைகளின் அழுகை.

"குழாய்த் தண்ணியைத் தொடாதம்மா. சென்சார் சரியில்லை. நான் காலையில சொன்னது தப்பு."

தம்பி மனைவி சொல்லத் தொடங்கினாள், நிறுத்தாமல் சொன்னாள். காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் பத்தரைக்கே தீர்ந்துவிட்டதாம். வரிசை வாசலைத் தாண்டிப் போய்விட்டது. இருந்ததோ ஒரே அடுப்பு. அதனால் உப்பு சர்க்கரைப் பொடியைக் குழாய்த் தண்ணீரிலேயே கரைத்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

"நீங்க பார்த்துட்டேன்னு சொன்னீங்களேன்னுதான் அண்ணி. என் கையாலயே குடுத்தேன். நாலு வயசுப் பொண்ணு ஒண்ணு, வேண்டாம் வேண்டாம்னு சொல்லிச்சு. நான்தான் மடியில உக்கார வெச்சு ரெண்டு டம்ளர் குடிக்க வெச்சேன். பன்னிரண்டரைக்கு அதுக்குக் கண்ணு சொருகிப் போச்சு. ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கு."

நல்லதென்று அவள் சொன்ன தண்ணீர், மருந்து என்ற பெயரில் அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் போயிருந்தது. அழக்கூட அவளுக்கு அப்போது நேரமில்லை.

சென்சார் எப்படித் தப்பாகச் சொல்லும் என்று தம்பி மனைவி கேட்டாள். குழாயிலேயே அது இல்லை, யாரோ எடுத்து டிரம்மில் போட்டிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். 'யாரோ' என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"எவன் அண்ணி அவன்? அவனை மட்டும் விட்டுடாதீங்க."

அங்கே ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. தம்பி மனைவி போனை வைத்துவிட்டு ஓடினாள்.

இதற்குள் நூத்துக்கு நூறு தன் கண்ணாடி அறையிலிருந்து வந்துவிட்டார். சாம்பல் புள்ளியைப் பார்த்த முகம் சாம்பலாகவே ஆகியிருந்தது. அக்கா ஒளிக்கவில்லை. வரைபடத்தை அவர் கையில் கொடுத்து, டிரம்மைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் சொன்னாள். அவன் அவளுடைய தம்பி என்பது அவருக்குத் தெரியும். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசினார்.

"கருவிக் கோளாறுன்னு எழுதுங்க. வால்வை மூடச் சொல்லிட்டீங்க, ஜனங்களுக்குச் சேதியும் போயிடுச்சு. இனிமே டிரம்முன்னு எழுதி யாருக்கு என்ன லாபம்? அவன் ஜெயிலுக்குப் போவான். உங்களுக்காகவும்தான் சொல்றேன்."

கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் கஷ்டம். அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் அக்காவுக்குத் தெரியவில்லை. சமையலறைப் பூட்டைத் திறக்கச் சொல்லி அவரே போன் செய்தார், சமையல்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தப்பைச் சரி செய்தாயிற்று. இனி உண்மை என்ற பெயரில் ஒருவனைக் குழியில் தள்ளுவதுதான் பாக்கி. அந்த ஒருவன் அவள் தூக்கி வளர்த்தவன். அவனை அந்த டிரம் வரைக்கும் விரட்டியதும் அவளுடைய வாய்தான்.

அறிக்கையைத் திறந்தாள். காரணம் என்ற இடத்தில் 'கருவிக் கோளாறு' என்று டைப் அடித்தாள். கீழே இருந்த பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஒன்று ஐம்பத்து நாலுக்குத் தம்பி கூப்பிட்டான். குழிக்குள் இருந்து பேசினான், குரல் எதிரொலித்தது.

வால்வை மூடிவிட்டானாம். சக்கரம் துருப்பிடித்துக் கிடந்ததால் நாற்பது சுற்று சுற்றுவதற்குள் உயிர் போய்விட்டது, உள்ளங்கை கிழிந்துவிட்டது. குழாயில் தங்கியிருந்த தண்ணீரை வெளியே திறந்துவிட்டுப் பார்த்தான். மூக்கைக் கொண்டுபோக முடியவில்லை. பத்தடி தள்ளிப் புது விளக்குக் கம்பத்துக்குத் தோண்டியவர்கள் சாக்கடைக் குழாயை உடைத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். சென்சார் அதன் இடத்தில் இருந்திருந்தால், சாக்கடை கலந்த அன்றைக்கே சிவந்திருக்கும். அதை அவனே சொன்னான்.

"கருவிக் கோளாறுன்னு எழுதப் போறேண்டா" என்றாள் அக்கா.

அவனுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். குழிக்குள் சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"எழுதாதக்கா."

"ஏன்?"

"மத்த வட்டமெல்லாம் எப்படிப் பச்சையா இருக்குன்னு அன்னைக்குக் கேட்டியே. நானும் அதையேதான் அவங்ககிட்டப் போய்க் கேட்டேன்."

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. டெக்னீஷியன்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதாம். டிரம்மைப் போட்டோ எடுத்து அதில்தான் யாரோ போட்டிருந்தார்கள். எத்தனை லிட்டர் பிடிக்க வேண்டும், எத்தனை மணிக்கு மாற்ற வேண்டும் என்று பக்குவம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவனுக்குத் தெரிந்து, அவனைத் தவிரப் பதினாலு பேர் டிரம் வைத்திருந்தார்கள்.

ஒரு கருவிதான் கோளாறு என்று எழுதினால் ஒரு கருவியைத்தான் மாற்றுவார்கள். மீதிப் பதினாலு வட்டத்திலும் நாளைக் காலை ஏழு மணிக்கு வழக்கம் போலச் சேதி போகும்.

"எல்லாத்தையும் சொன்னேன்னு தெரிஞ்சா என்னை உயிரோட விட மாட்டாங்க அக்கா. உன் சீட்டும் போயிடும்."

"போகட்டும். ஒவ்வொண்ணாச் சொல்லு."

அவள் 'கருவிக் கோளாறு' என்பதை அழித்தாள். சென்சார் குழாயிலிருந்து வேண்டுமென்றே எடுக்கப்பட்டது என்று அடித்தாள். பொறுப்பானவர் என்ற இடத்தில் தம்பியின் பணியாளர் எண்ணைப் போட்டாள். அது அவளுக்கு மனப்பாடம், வேலை கிடைத்த அன்று அவளே அவன் அட்டையில் எழுதிக் கொடுத்தது. அதன் கீழே தன் எண்ணையும் போட்டாள். எப்படியோ பச்சையாக்கு என்று சொன்னது நான் என்று ஒரு வரி எழுதினாள். பொத்தானை அழுத்தினாள்.

அவன் சொல்லச் சொல்ல அவள் புள்ளிகளைச் சாம்பலாக்கினாள். மூன்றாம் வட்டம். ஏழாம் வட்டத்து மேட்டுத் தொட்டி. ரயில் நிலையத்து லைன். நூத்துக்கு நூறு எழுந்து நின்றுவிட்டார். என்ன செய்கிறீர்கள், கையை எடுங்கள் என்று அவர் சொன்னதும், சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"நாலாவது?" என்றாள் போனில்.

"பெரிய ஆஸ்பத்திரி லைன். அதைப் பார்க்கிறவன் நேத்திலேர்ந்து போனை எடுக்கல அக்கா. டிரம்முல தண்ணி மாத்தினானான்னுகூடத் தெரியல."

நாலு வயசுப் பெண்ணை அங்கேதான் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அக்கா திரும்பி டைரக்டரிடம் அதைச் சொன்னாள். அவர் அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு மேஜை போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தினார். அங்கே வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தார்கள், லைன் கிடைக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினார்.

பதினாலையும் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. போனின் அந்தப் பக்கத்தில் இப்போது குழியின் எதிரொலி இல்லை. வண்டி நிற்கிற சத்தம், பிறகு குழந்தைகளின் அழுகை கேட்டது.

"எங்கடா இருக்க?"

"ஹெல்த் சென்டர் வாசல்ல. வர்ற வழியில ரெண்டு தண்ணி கேன் வாங்கிட்டு வந்தேன்." பிறகு கேட்டான்: "அவகிட்ட நீ சொல்றியா அக்கா?"

அவனுக்காக எத்தனையோ பேரிடம் அக்கா பேசியிருக்கிறாள். பள்ளிக்கூட வாத்தியாரிடம், வேலைக்கு எடுத்த அதிகாரியிடம், பெண் கேட்கப் போன வீட்டில்.

"இல்ல. நீதான் சொல்லணும்."

அவன் போனை வைக்க மறந்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது. துணி உரசுகிற சத்தம். கேனைத் தரையில் இறக்குகிற சத்தம். பிறகு தம்பி மனைவியின் குரல், சோர்ந்து போய், ஆனால் அவனைப் பார்த்ததில் கொஞ்சம் தெம்பு வந்து. நல்ல வேளை வந்தீர்கள், இதை உள்ளே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். கையில் என்ன ரத்தம் என்று கேட்டாள். அவன் ஒன்றுமில்லை என்றான்.

"சென்சாரை எடுத்துப் போட்டவன் எவன்னு தெரிஞ்சுதா?"

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பின்னால் டைரக்டர் ஆஸ்பத்திரிக்கு நாலாவது முறையாக நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றான் தம்பி.